நாற்பத்திரண்டு சர்வர்களுக்கு ஒரு பிள்ளையார் சுழி

"படமே தப்பு, பிரேமலதா! கோடு போட்டவங்க தப்பாப் போட்டா கட்டடம் சாயத்தான் செய்யும்!"

"படத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார். சத்தமாப் படிங்க. வெளியில இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

"நான் எதுக்குப் படிக்கணும்?"

"சிவப்பு மையில எழுதியிருக்கு. 'பொது டிஸ்க். படிக்க மட்டும். சர்வர் ஓடும்போது யாரும் எழுதக் கூடாது.' அதை மீறி எழுதினது யாரு? அதைச் சொல்லிட்டு அப்புறமா என் படத்துல குத்தம் கண்டுபிடிங்க."

"யாருன்னு தெரியாதது மாதிரி கேக்குறீங்களே! பாஸ்வேர்டு போட்டதே நீங்கதானே?"

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணி. திருச்சி கன்டோன்மென்டில் இருக்கும் அந்தக் கணினி மையத்தின் இரண்டாம் மாடியில், கண்ணாடி அறைக்கு வெளியே பதினொரு பேர் வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய விரலும் கீபோர்டில் இல்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று யாரோ மின்விசிறியைக்கூட நிறுத்தினார்கள் என்று பிற்பாடு ஒரு பேச்சு. இருக்கும்.

உள்ளே நின்றுகொண்டிருந்தவள் பிரேமலதா. மணப்பாறைப் பக்கத்துப் பெண், முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். உட்கார்ந்திருந்தவர் மையத்தின் பொறுப்பாளர் பீமராவ். ஓய்வு பெற எட்டு மாதம். அவரும் அதே குடியிருப்பில்தான், இரண்டாவது மாடி. ஆபீசில் இவள் தலைக்கு மேல் அவர், வீட்டில் அவர் தலைக்கு மேல் இவள். லிப்டில் சேர்ந்து போக நேர்ந்தால் இருவரும் மாடி எண்ணையே முறைத்துப் பார்த்தபடி போவார்கள்.

மேஜைமேல் இருந்த தாளை பீமராவ் அவள் பக்கம் தள்ளினார். மெமோ. வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு சர்வர்களும் ஒன்றாகப் படுத்ததற்குக் காரணம் 'டிஸ்க் திட்டத்தில் உள்ள குறை' என்றும், திட்டம் போட்டவர் பிரேமலதா என்றும், வியாழக்கிழமை விசாரணை என்றும் அதில் இருந்தது.

பிரேமலதா அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். குறை. நான்கு மாதம் கண் எரிய எரியப் போட்ட திட்டத்துக்கு ஒரு வார்த்தை. அது பணிப் பதிவேட்டில் ஏறிவிட்டால், இனி எங்கே போய் எந்த டிஸ்க்கைத் தொட்டாலும் கூடவே வரும்.

விஷயம் இதுதான். மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் இருக்கிற நாற்பத்திரண்டு விவசாயச் சங்கங்களுக்கு விதை, உரம் வழங்கும் கணக்கெல்லாம் இந்த மையத்தில்தான் ஓடுகிறது. சங்கத்துக்கு ஒரு சர்வர். நாற்பத்திரண்டு பெட்டி அடுக்கி வைத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். மெயின்பிரேம் என்று ஒரே ஒரு பெரிய இயந்திரம், பீரோ மாதிரி நிற்கும். அதற்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத நாற்பத்திரண்டு சர்வர். ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதெல்லாம் அதைப் பார்த்து எடுத்த நகல். குளோன் என்பார்கள்.

முன்பெல்லாம் நகலுக்கு நகல் முழு டிஸ்க்கையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுச் சங்கம் ஒன்று சேர்ந்தால் காப்பி எடுக்கவே அரை நாள். ஒரு திருத்தம் வந்தால் நாற்பத்திரண்டு இடத்தில் செய்ய வேண்டும், ஏதாவது மூன்று இடத்தில் விட்டுப்போகும். பிரேமலதாதான் உட்கார்ந்து, சர்வருக்குள் எது பொது, எது தனி என்று ஒவ்வொரு போல்டராகப் பிரித்தாள். எல்லோரும் பொது என்று சத்தியம் செய்த ஒரு போல்டரில் ஒவ்வொரு சர்வரும் ஞாயிறுதோறும் திருட்டுத்தனமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கவே மூன்று ஞாயிறு ஆபீசில் கிடந்தாள். கடைசியில் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் படம் வந்தது. நடுவில் பொது டிஸ்க், ஒன்றே ஒன்று. சுற்றிலும் சின்னதாக நாற்பத்திரண்டு சொந்த டிஸ்க்குகள்.

ஆடி மாதம் அதை பீமராவுக்கு விளக்கியபோது, அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். "கூடத்துல ஒரே பஞ்சாங்கம் மாட்டியிருக்கு சார். நாப்பத்திரண்டு பேரு பாக்குறாங்க. பாத்து, அவங்கவங்க சொந்த நோட்டுல எழுதிக்கிறாங்க. புதுப் பஞ்சாங்கம் வந்தா பக்கத்து ஆணியில மாட்டணும். ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் திருப்பி உக்கார வைக்கணும். எல்லாரும் திரும்பினப்புறம்தான் பழசை எடுக்கணும். ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கும்போதே தாளைக் கிழிச்சு வேற தாளை ஒட்டினா என்ன ஆகும்?"

"எமகண்டத்துல தாலி கட்டிடுவான்," என்று பீமராவ் சிரித்தார். அருமையான உதாரணம் என்று நான்கு பேரிடம் சொல்லவும் செய்தார். பஞ்சாங்கம் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்டாத மனிதர், புரியாமலா இருந்திருக்கும்?

புதுப் பதிப்புக்கு மாறும் வேலை வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று படத்தின் ஓரத்தில் பிரேமலதாவே எழுதியிருந்தாள். சங்கங்களின் கவுண்டர் மூடுவது மூன்றுக்கு. அதற்கு முன்னால் தொடவே முடியாது. வேலை நீளும் என்பதால் அன்று காலை கொஞ்சம் தாமதமாக, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்தாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது மணப்பாறையிலிருந்து சித்தப்பா மருதையின் போன்.

"ஏம்மா பிரேமா, உன் மிசினு படுத்துருச்சாமே?"

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

"கடலை விதைக்கு டோக்கன் வாங்கிட்டு நிக்கிறேன். பாதிப் பேருக்கு என்னமோ சீட்டு வருது, பாதிப் பேருக்குக் கோடு கோடா வருது. என் பேரு அடிச்சா வேற ஆளு பேரு வருது. இங்க இருக்கிற பையன், 'எல்லாம் திருச்சியில இருந்து வர்ற வினை'ங்கிறான். எங்க அண்ணன் மகதான் அங்க இருக்கான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க."

அவள் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது நாற்பத்திரண்டும் நின்றிருந்தன. பழைய காப்பிகளைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் எழுப்பி விட ஞாயிறு வரை ஆனது. பாதி வேலையை அவள்தான் செய்தாள். அதற்குக் கிடைத்த பரிசுதான் திங்கட்கிழமை மெமோ.

இயந்திரத்தின் பதிவில் தெரிந்தது இவ்வளவுதான்: காலை 9.22-க்குப் பராமரிப்புக் கணக்கு வழியாக யாரோ பொது டிஸ்க்கை எழுதும் உரிமையோடு திறந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை மூன்று பேர் பயன்படுத்தினார்கள். பிரேமலதா, பீமராவ், பிறகு அருள்ராஜ் என்று பாலக்கரைக்காரன் ஒருவன். எழுதுவதற்கான பாஸ்வேர்டு, அரக்கு வைத்த கவருக்குள் பீமராவின் இரும்பு அலமாரியில் இருந்தது. அரக்கு உடைந்திருந்தது. எப்போது உடைந்தது என்று அரக்கா சொல்லும்? பாஸ்வேர்டை வைத்தவள் பிரேமலதா. அவளுக்குக் கவர் எதற்கு? 9.22-க்கு அவள் பஸ்ஸில் இருந்தாள். பஸ்ஸில் லேப்டாப்பும் இருந்தது.

திங்கட்கிழமையே அருள்ராஜைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"அருள், அன்னிக்கு நீ எட்டரைக்கே வந்துட்டல்ல? என்ன நடந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"தை மாசம் கல்யாணம் மேடம். பொண்ணு வீட்டுல 'வேலை நிரந்தரமா'ன்னு கேக்குறாங்க. சார்தான் கையெழுத்துப் போடணும்." இவ்வளவையும் அவன் அவளுடைய செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. இந்த வேலையையே அவனுக்கு அவள்தான் பழக்கிக் கொடுத்திருந்தாள்.

அவளுக்குக் கோபத்தைவிடப் புதிராக இருந்தது அந்த நேரம்தான். மூன்று மணிக்கு ஒழுங்காகச் செய்யப்போகிற வேலையை ஒன்பது இருபத்திரண்டுக்கு ஒருவர் ஏன் தொட வேண்டும்? வேண்டுமென்று கெடுக்க பீமராவ் அவ்வளவு கெட்டவர் இல்லை. அதற்கான சுறுசுறுப்பும் அவரிடம் கிடையாது.

புதிருக்கு விடை கீழ்த்தளத்தில் இருந்தது. கீழ்த்தளம் என்றால் ஆனந்தவள்ளி. லிப்டுக்கு நேர் எதிர் வீடு. கதவு எப்போதும் அரை அடி திறந்திருக்கும். யார் வீட்டுக்கு எந்தக் கூரியர் வந்தது என்பது பெற்றுக்கொண்டவருக்கு முன் ஆனந்தவள்ளிக்குத் தெரியும். பிரேமலதாவின் ஆபீஸ் சண்டை செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு மாடி இறங்கி அவளிடம் வந்துவிட்டிருந்தது. பீமராவின் மனைவி வழியாகத்தான், வேறு எப்படி?

"வா பிரேமா, காபி சாப்பிட்டுட்டுப் போ. மூஞ்சி ஏன் இப்படி வாடிப் போயிருக்கு? கேள்விப்பட்டேன். நமக்கெதுக்கு வம்பு, நான் ஒண்ணும் கேக்கல. ஆமா, மெமோவுல என்ன போட்டிருக்காங்க?"

பிரேமலதா உட்கார்ந்தாள். காலில் ஏதோ இடித்தது. நாற்காலிக்குக் கீழே பழுப்பு நிறப் பயணப் பை.

"பாத்து, பாத்து. ராவ் சாரோட பை. நாளன்னிக்கு விசாரணை முடிஞ்சதும் சாயங்காலம் அப்படியே மந்திராலயம் போறாராம். வியாழக்கிழமை சாயங்காலம் நேரம் சரியில்லையாம். அதான் இன்னிக்கே நல்ல நேரத்துல பையக் கொண்டாந்து எங்க வீட்டுல வச்சுட்டார். பரஸ்தானம். பை கிளம்பிடுச்சுன்னா ஆளும் கிளம்பிட்ட கணக்குதானே? அப்புறம் எந்த நேரத்துல வேணா ஏறலாம். வருஷத்துக்கு நாலு தடவை எங்க வீடுதான் அவருக்கு ரயில்வே ஸ்டேஷன்."

பிரேமலதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் எப்போ?"

"ஒம்பதே காலுக்கு ஆரம்பிச்சுப் பத்தே கால் வரைக்கும்."

"மூணு மணி?"

"மூணுலேருந்து நாலரை எமகண்டம். ஏன், பொண்ணு பாக்க வராங்களா?"

எழுந்தவள் லிப்டுக்குக்கூட நிற்கவில்லை. மூன்று மாடியையும் படி வழியாக ஏறினாள். ஏறும்போதே சத்தமாகச் சிரித்தாள் என்று ஆனந்தவள்ளி சொல்வாள். பல்லைக் கடித்த சத்தம் என்றும் சொல்வாள், கேட்கும் ஆளைப் பொறுத்து.

பை வைத்திருக்கிறார்! மூன்று மணி எமகண்டம் என்பதால், ஒன்பதே காலுக்கு மேல், நாற்பத்திரண்டு சர்வர் கண்கொட்டாமல் படித்துக்கொண்டிருந்த டிஸ்க்கில் கொண்டுபோய் அடையாளத்துக்கு ஒரு பையை வைத்திருக்கிறார்! வைத்ததுகூடப் போகட்டும். வைத்துவிட்டு, சித்தப்பா மருதையை ஒரு நாள் முழுக்க வெயிலில் நிறுத்திவிட்டு, 'திட்டத்தில் குறை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை விசாரணைக்குப் பொது மேலாளர் நவநீதன் வந்தார். எதையும் பாதியில் முடித்து, இரு தரப்பையும் கை குலுக்க வைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவதில் பெயர் பெற்றவர். பீமராவ் விபூதியும் புதுச் சட்டையுமாக இருந்தார்.

"பாருங்கம்மா," என்றார் நவநீதன், "தப்புங்கிறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். அடுத்த தடவை கவனமா இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா..."

"நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் சார் வரி எழுதணும்? அந்த டிஸ்க்கைத் தனியா எடுத்து வச்சிருக்கீங்கல்ல? அதைச் சும்மா இருக்கிற ஒரு சர்வர்ல மாட்டுங்க. படிக்க மட்டும். நான் தொடல, அருள்ராஜ் டைப் பண்ணட்டும். எல்லாரும் பாக்கலாம்."

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றார் பீமராவ். விபூதிக்குக் கீழே வேர்த்தது.

"நல்ல நேரம்தான் சார். பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அருள்ராஜ் உட்கார்ந்தான். கடைசியாக மாறிய பைல்களை நேர வரிசையில் காட்டச் சொன்னாள். திரையில் பட்டியல் வந்தது. எல்லாவற்றுக்கும் முந்தியதாக, வெள்ளிக்கிழமை 9.22 என்று ஒரே ஒரு சின்ன பைல். அதற்கப்புறம் 9.31-லிருந்து வரிசையாகப் பதினேழு.

"அந்த மொதல் பைலைத் திற, அருள்."

அவன் விரல் நகரவில்லை. நவநீதன், "திறப்பா" என்றார். திறந்தான்.

உ
சுப ஆரம்பம்.
வெ. பீமராவ்

வெறும் பிள்ளையார் சுழியோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். மனுஷன் இனிஷியலோடு பெயர் போட்டிருந்தார்.

"நாப்பத்திரண்டு சங்கத்திலயும் இது தெரிஞ்சிருக்கும் சார்," என்றாள் பிரேமலதா. "பொது டிஸ்க்காச்சே. மணப்பாறையில எங்க சித்தப்பா நின்ன கவுண்டர் சர்வர்லயும் இவர் போட்ட சுழிதான்."

"ஒரு சுழியில என்ன ஆயிடப் போகுது?" பீமராவ் எழுந்துவிட்டார். "சம்பிரதாயத்துக்கு ஒரு ஆரம்பம். நாலு எழுத்து! அதுக்குமேல நான் தொடவே இல்லையே!"

"நீங்க தொடல சார்," என்றான் அருள்ராஜ், திரையைப் பார்த்தபடியே. "'ஆரம்பிச்சாச்சு, நல்ல நேரம் இன்னும் முக்கா மணி இருக்கு, கையோட நாலு பைலை மாத்திடு'ன்னு சொன்னீங்க. மேடம் வரட்டும்னேன். 'மேடத்துக்கு ராகு காலமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது'ன்னீங்க. பதினேழு மாத்தினேன். பதினெட்டாவதுல எல்லாம் நின்னுடுச்சு."

"மூணு நாள் கழிச்சுதான் வாய் தொறக்குமா உனக்கு?" என்றாள் பிரேமலதா. அவனை மன்னிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

நவநீதன் தொண்டையைச் செருமினார். இப்படி ஒரு திருப்பத்தை எந்தப் பாதியில் முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "சரி, சரி. உண்மை தெரிஞ்சு போச்சு. மெமோவைத் திரும்ப வாங்கிக்கலாம். சாருக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். பெரியவர். விட்டுடுங்கம்மா."

"எழுதிக் கொடுங்க சார்."

"அதான் வாயால சொல்லிட்டேனே?"

"மெமோவை வாயாலயா கொடுத்தீங்க? எழுத்துல வந்தது எழுத்துலதான் போகணும். 'திட்டத்தில் குறை இல்லை'ன்னு போடுங்க. பொது டிஸ்க்ல எழுதினது யாருன்னும் போடுங்க. அது வர்ற வரைக்கும் புதுப் பதிப்புக்கு மாத்துற வேலையை நான் செய்ய மாட்டேன். வேற யாராவது நாப்பத்திரண்டையும் திருப்பி உக்கார வச்சுக்கட்டும்." சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றும் மின்விசிறி இல்லாமல் வேர்த்துக்கொண்டிருந்த பதினொரு பேரும் அவசரமாகக் கீபோர்டைத் தட்டினார்கள்.

பீமராவ் அன்று சாயங்காலம் மந்திராலயம் போகவில்லை. பை மட்டும் கிளம்பிய நிலையில், ஆனந்தவள்ளி வீட்டு நாற்காலிக்கு அடியில் ஒன்பது நாள் இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. வருகிற போகிறவர்களுக்கு எல்லாம் காட்ட வேண்டியிருந்ததே.

எழுத்து வந்தது, ஐந்தாம் நாள். 'டிஸ்க் திட்டத்தில் குறை எதுவும் இல்லை. மெமோ திரும்பப் பெறப்படுகிறது' என்று இரண்டு வரி. மூன்றாவதாக யார் எழுதினார்கள் என்று வர வேண்டிய இடத்தில், 'நடைமுறைக் காரணங்களால் ஏற்பட்ட இடையூறு' என்று போட்டிருந்தார் நவநீதன். பிரேமலதா அதைப் படித்துவிட்டு நேராக அவர் அறைக்குப் போனாள். பத்து நிமிஷம் என்ன பேசினாள் என்று தெரியாது, கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது மூன்றாவது வரி அப்படியேதான் இருந்தது. குறை என்ற வார்த்தை மட்டும் பதிவேட்டிலிருந்து போயிற்று. அவருக்குப் பெயர் இல்லாத இடையூறு. அவளுக்கு மட்டும் பெயர் போட்ட மெமோ. அந்த அநியாயத்தை அவள் கடைசிவரை செரித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, சரியாக மூன்று மணிக்கு, எமகண்டம் தொடங்கிய அந்த நிமிஷத்தில் வேலையை ஆரம்பித்தாள். புது டிஸ்க்கைப் பக்கத்தில் மாட்டி, ஒவ்வொரு சர்வராகத் திருப்பினாள். மணப்பாறையை முதலில் திருப்பினாள். ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டாவதும் திரும்பியது. ஒரு சர்வர்கூட இருமவில்லை. பீமராவ் தம் அறையிலேயே இருந்தார். வந்து பார்க்கவில்லை.

தை மாதம் பாலக்கரை மாதா கோயிலில் அருள்ராஜுக்கும் ஷெர்லினுக்கும் கல்யாணம் நடந்தது. பிரேமலதா போனாள், மொய்க்கவர் கொடுத்தாள், சாப்பிடாமல் வந்துவிட்டாள். அவன் வேலை நிரந்தரமாகவில்லை. மனைவியோடு ஹைதராபாத் போய்விட்டான். பீமராவ் ஓய்வு பெற்று, வீட்டை விற்று, ஹூப்ளியில் இருக்கும் பெண் வீட்டோடு போய்விட்டார். போகும்போதும் பை இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பியது.

பிரேமலதா ஆனி மாதம் சென்னைக்குப் போனாள். சிறுசேரியில் இதே மாதிரி இயந்திரம், இதைவிடப் பெரியதாம். சாமான் ஏற்ற லாரி வந்தது செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு, சுத்தமான ராகு காலம். ஆனந்தவள்ளி கெஞ்சிப் பார்த்தாள்.

"ஒரு சின்னப் பையையாவது நேத்தே எங்க வீட்டுல வச்சிருக்கலாம்ல பிரேமா?"

"உங்க வீட்டுல பை வச்சவங்க லட்சணத்தைத்தான் பாத்தோமே அக்கா."

ஆனால் ஆனந்தவள்ளி சும்மா இருக்கிற ஆளா? லாரி வருவதற்கு முதல் நாள் காலை நல்ல நேரத்தில், மோர் வாங்கிக்கொள்ள என்று மூன்றாவது மாடியிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தை இரவல் வாங்கி வந்துவிட்டிருந்தாள். அடுத்த ஆவணியில் பிரேமலதாவுக்குச் சென்னையில் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மதுராந்தகத்துக்காரர், அதே ஆபீஸ். பெயர் இன்னும் தெரிந்தபாடில்லை, குடியிருப்பில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் அந்தத் தூக்கு முன்னாடியே கிளம்பியதால் வந்த பலன் என்பது ஆனந்தவள்ளியின் கட்சி. தூக்கை இன்னும் அவள் திருப்பி அனுப்பவில்லை.